உண்ணும் வாயும் உரைக்கும் வாயும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டினர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்று பெருமையோடு எண்ணிப் பார்க்கிறோம். அது முறையே. ஆயினும், அந்தக் கணக்கில் ஏறாத பிள்ளைகள் சிலர் நம் தெருக்களில் இருக்கின்றனர். ஆறு வயதாகியும் சோற்றை மெல்லத் தெரியாமல் கஞ்சியே குடித்துக் கிடக்கும் பிள்ளை. வாயிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டேயிருப்பதால் வாசற்படி தாண்டாத பிள்ளை. சொல்ல வேண்டியது நெஞ்சில் இருந்தும் நாவில் வராத பிள்ளை. அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். உண்ணவும் உரைக்கவும் ஒரு குழந்தையின் வாய் எவ்வாறு பழகுகிறது, அது பழகாதபோது தொழில்வழிச் சிகிச்சை எவ்வாறு துணை நிற்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தட்டும் பந்தியும்

தியாகராய நகரில் வாழ்வோர் அவ்வூரின் பெயருக்குரியவரை அறிவீர்கள். சர் பிட்டி. தியாகராயர் சென்னை மாநகராட்சி மன்றத்தின் தலைவராய் இருந்த 1920ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்க மன்றம் தீர்மானித்தது. பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு என்பது அத்தீர்மானம். பின்னர் 1956இல் காமராசரும், 1982இல் எம்.ஜி.ஆரும் அவ்விளக்கை மாநிலமெங்கும் ஏற்றினர். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை இந்நகரம் நூறாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தது.

அதற்கும் முன்னர், 1894இல், கர்னல் ஆல்காட் அடையாற்றின் ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பெசன்ட் நகரில் இன்றும் ஆல்காட் நினைவுப் பள்ளியாக அது விளங்குகிறது. ஆக, பள்ளிக் கதவும் திறந்தது. தட்டில் உணவும் வந்தது. ஆனால் தட்டில் வந்த உணவை மெல்லவும் விழுங்கவும் இயலாத பிள்ளைக்கு அக்கதவு திறந்தும் பயனில்லை.

நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் சிறுவன் ஒருவன் இருந்தான். அறிவில் குறையில்லாதவன், கூட்டல் கணக்கை விரலால் காட்டிவிடுவான். ஆனால் அவன் சட்டையின் முன்பக்கம் எந்நேரமும் உமிழ்நீரால் நனைந்திருக்கும். உண்ணும்போது பாதி உணவு வெளியே வரும். மதிய உணவு வரிசையில் அவனுக்கு இருபுறமும் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நகர்ந்து அமர்ந்தனர். பிறகு, 'எச்சில் படுகிறது' என்று சொல்லிப் பெரியவர் ஒருவரே அவனைத் தூணோரம் தனியே அமர்த்திவிட்டார்.

தனிப்பந்தி என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குவளையைத் தொடக் கூடாது என்று, உயரத்திலிருந்து நம் பாட்டன்மாரின் ஏந்திய கைகளில் தண்ணீர் ஊற்றப்பட்ட காலம் நெடுந்தொலைவில் இல்லை. அந்த வரலாற்றின் வழித்தோன்றல்களாகிய நாம், நம் வீட்டிலேயே ஒரு பிள்ளையை எச்சிலைக் காரணம் காட்டி விலக்கி வைப்போமாயின், எந்த நியாயத்தை வெளியாரிடம் கேட்கப் போகிறோம்? எனவே இது மருத்துவப் பொருள் மட்டுமன்று. நம் மானம் தொடர்பான பொருளும் ஆகும். அந்தச் சிறுவனை நாங்கள் வரிசைக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். ஆயினும் அவனுக்கு வேண்டியிருந்தது இரக்கம் மட்டுமன்று; முறையான பயிற்சி. அதனை இனி விளக்குவோம்.

'தொழில்' என்னும் சொல்

'ஆக்குபேஷனல் தெரபி' என்பதைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்றும் செயல்முறைச் சிகிச்சை என்றும் வழங்குகின்றனர். தொழில் என்றதும் தச்சும் தையலும் நினைவுக்கு வரலாம். நம் சமூகத்தாருக்கோ அச்சொல் வேறொன்றையும் நினைவூட்டும். பிறந்த குடியைக் கொண்டு ஒருவனுக்குத் தொழிலை விதித்தது நம் நாடு. இம்மருத்துவத்தில் அச்சொல்லின் பொருள் முற்றிலும் வேறு. ஒரு மனிதர் தம் நாளைக் கழிக்கத் தாமே செய்ய விரும்பும் செயல்கள் அனைத்தும் தொழிலே. உண்பது, பல் துலக்குவது, சட்டைப் பொத்தானை மாட்டுவது, எழுதுவது, விளையாடுவது ஆகிய யாவும் அதில் அடங்கும். குழந்தைக்கு உண்பதும் விளையாடுவதுமே முதற்றொழில். அத்தொழிலைப் பிறர் கையை எதிர்பாராமல் செய்ய வழி வகுப்பதே இச்சிகிச்சையின் நோக்கம்.

1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கு முதற்சங்கம் அமைந்தது. இந்தியாவில் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் என்னும் அம்மையார் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். 1952இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்பினருள் இந்தியாவும் ஒன்று. நம் தமிழ்நாட்டில், விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையத்தை நிறுவினார். ஊனமுற்றவருக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை என்ற பழைய எண்ணம் இத்தகையோரின் உழைப்பால்தான் தகர்ந்தது.

வாய் பழகும் முறை

பிறந்த குழந்தை பால் உறிஞ்சுவதை எவரும் கற்பிப்பதில்லை. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்கு இயல்பாகவே அமைகின்றன. தொண்டையில் மூச்சுக் குழலும் உணவுக் குழலும் அருகருகே இருப்பதை நினைவிற் கொள்ள வேண்டும். விழுங்கும் நொடியில் மூச்சுக் குழல் மூடிக்கொள்ளாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு வாய் பாலை விழுங்குவது எத்துணை நுட்பமான வேலை என்பது அப்போது விளங்கும்.

ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் குழந்தையின் தலை நிற்கிறது. தாங்கிப் பிடித்தால் உட்காருகிறது. கூழும் குழைந்த சோறும் கொடுக்கத் தொடங்குகிறோம். எட்டு ஒன்பது மாதங்களில் தாடையை மேலும் கீழும் அசைத்துக் கடிக்கிறது. இது உரலில் உலக்கை இடிப்பதைப் போன்றது. ஓராண்டுக்குப் பின்னர் தாடை சுற்றிச் சுழன்று அரைக்கத் தொடங்குகிறது. இது ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதைப் போன்றது. மாவரைக்கும் பெண்மணி ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறுகையால் ஒதுங்கும் மாவைக் குழிக்குள் தள்ளிவிடுவாள். வாய்க்குள் அந்த மறுகையின் வேலையை நாக்கு செய்கிறது. உணவைக் கடைவாய்க்கு ஒதுக்குவதும், அரைபட்டதை ஒன்றுதிரட்டிப் பின்னே தள்ளுவதும் அதன் பணி. இந்த அரைவை முழுமையாக அமைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

உமிழ்நீர் ஒழுகுதலும் அவ்வாறே. ஒன்றரை இரண்டு வயது வரை அது இயல்பு. நான்கு வயதைக் கடந்தும் ஒழுகுமாயின் கவனிக்க வேண்டும். அப்பிள்ளைக்கு உமிழ்நீர் மிகுதியாக ஊறுகிறது என்றே பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அப்படியன்று. நாமெல்லாம் அறியாமலேயே அவ்வப்போது விழுங்கிவிடுகிறோம். அப்பிள்ளையால் உதட்டை மூடி அடிக்கடி விழுங்க இயலவில்லை. அவ்வளவே.

எங்கே தடைபடுகிறது

பேறுகாலத்தில் மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள் காமாலை போன்றவற்றால் மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்படும்போது மூளை முடக்குவாதம் ஏற்படலாம். உலக அளவில் ஆயிரம் பிறப்புக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இது நேர்கிறது. ஒரு காலத்தில் நம் தெருக்களில் கால் சூம்பிய பிள்ளை என்றால் போலியோ என்றே பொருள். 2014இல் இந்தியா போலியோ ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. இன்று குழந்தைகளின் உடல் இயக்கக் குறைபாடுகளில் முதன்மையானது மூளை முடக்குவாதமே. அதில் தசைகள் இறுகியோ, தளர்ந்தோ, கட்டுப்பாடின்றி அசைந்தோ இருக்கும். கைகாலுக்கு நேர்வது நாக்குக்கும் தாடைக்கும் நேர்கிறது. டவுன் சிண்ட்ரோம், அண்ணப்பிளவு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் உண்பதில் இடர்ப்பாடு வரலாம். இவற்றில் எதுவும் முற்பிறவியின் வினையன்று. தாய் செய்த பாவமுமன்று. தொற்று நோயும் அன்று.

சிகிச்சை உட்காரும் இடத்தில் தொடங்குகிறது

வாய்ப் பயிற்சி என்றால் வாயில்தான் தொடங்கும் என்று நினைப்போம். தொழில்வழிச் சிகிச்சையாளர் முதலில் பார்ப்பதோ குழந்தை உட்காரும் முறையை. இதுவே நாம் இன்று வலியுறுத்த விரும்பும் முதன்மையான செய்தி. இடுப்பு நிலையாக இருந்தால் முதுகு நிற்கும். முதுகு நின்றால் கழுத்து நிற்கும். கழுத்து நின்றால்தான் தாடையும் நாக்கும் தம் வேலையைச் செய்யும். அடித்தளம் ஆடினால் மாடி நிற்குமா? அண்ணாந்து பார்த்தபடி ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கிப் பாருங்கள். அக்குழந்தைகளின் துன்பம் உங்களுக்கே புரியும்.

இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் செங்கோணமாக மடங்கி, பாதம் தொங்காமல் ஊன்றி, தலை நேராகவும் முகவாய் சற்றே உள்வாங்கியும் இருக்குமாறு குழந்தையை அமர்த்த வேண்டும். சிகிச்சை நிலையங்களில் இதற்கென மூலை நாற்காலி உண்டு. பத்தடிக்குப் பத்தடி வீட்டில் வாழும் நமக்கு அதனை வாங்க இயலாவிட்டாலும், வீட்டில் சுவர்மூலை இருக்கிறது. அம்மூலையில் மடித்த பழம்புடவைகளை அண்டைகொடுத்து அமர்த்தலாம். பாதத்தின் கீழ் பலகை வைக்கலாம். எந்த அமைப்பு தம் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதைச் சிகிச்சையாளரிடம் ஒருமுறை கேட்டறிந்துகொண்டால் போதும்.

அடுத்தது கரண்டி. ஊட்டுபவர் நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் குழந்தை அண்ணாந்துவிடும். எனவே குழந்தையின் முகத்துக்கு எதிரே, அதன் கண்மட்டத்தில் அமர வேண்டும். குழியில்லாத சிறு கரண்டியில் சிறிதளவு எடுத்து, நேர் எதிரிலிருந்து கொண்டுவந்து, நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி, மேலுதடு இறங்கி உணவை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். மேற்பல்லில் கரண்டியை வழித்துக் கொட்டினால் உதட்டுக்கு வேலையே இல்லாமற் போகும். தாடை தானே மூடாத பிள்ளைக்கு, முகவாய்க்குக் கீழே ஒரு விரலும் உதட்டுக்குக் கீழே ஒரு விரலுமாகத் தாங்கிப் பிடிக்கும் முறையைச் சிகிச்சையாளர் கற்றுத் தருவார்.

மெல்லப் பழக்குவதற்கு உணவை நடுநாக்கில் வையாமல் கடைவாய்ப் பற்களுக்கிடையே வைக்கின்றனர். அப்போது நாக்கு அப்பக்கம் திரும்புகிறது. தாடை அரைக்க முற்படுகிறது. மெல்லிய தூய துணியில் பழத்துண்டை முடிந்து, முனையைச் சிகிச்சையாளரே பிடித்துக்கொண்டு மெல்ல வைப்பதும் உண்டு. சாறு இறங்கும், துண்டு தொண்டையில் சிக்காது. கூழிலிருந்து குழைந்த சோறு, பின்னர் இட்லி, பின்னர் தோசை என்று படிப்படியாக உணவின் தன்மையை மாற்றுவதும் சிகிச்சையே. ஆண்டுக்கணக்கில் மிக்சியில் அரைத்ததையே ஊட்டிவந்தால் பற்களும் நாக்கும் பழக வாய்ப்பேது?

சில பிள்ளைகளுக்குத் தசையில் குறையிராது. ஆனால் சோற்றுப் பருக்கை நாவில் பட்டதும் குமட்டும். அது பிடிவாதமன்று. தொடுவுணர்வை அவர்கள் மூளை அளவுக்கு மிஞ்சி உணர்கிறது. இவ்வகைத் தொடுவுணர்வுச் சிக்கல்களை ஆராய்ந்து நெறிப்படுத்தியவர் ஜீன் ஏயர்ஸ் என்னும் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர். இத்தகைய பிள்ளைக்கு வாயைத் திறந்து திணித்தல் கூடாது. முதலில் கை பழக வேண்டும். மாவைப் பிசைதல், சோற்றை உருட்டுதல், விரலை நக்கிப் பார்த்தல் என்று விளையாட்டாகவே செல்ல வேண்டும். கையால் உண்ணும் நம் வழக்கம் இதற்குப் பெருந்துணை. சூட்டையும் குழைவையும் விரல் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் வாய் ஆயத்தமாகிறது.

இறுதியில் குவளை. இருபுறமும் பிடியுள்ள குவளையைக் குழந்தை தானே ஏந்திக் குடிக்கும் நாள், அவ்வீட்டின் திருநாள். பிறர் ஊற்றக் குடித்த வரலாறுடைய நாம் அதன் பெருமையை அறிவோம்.

தவிர்க்க வேண்டியவை

தாய்மார்களுக்குச் சில செய்திகளைக் கண்டிப்போடு சொல்ல வேண்டியுள்ளது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, சங்கால் பாலோ மருந்தோ புகட்டுவது உயிருக்கே ஆபத்து. மூக்கிலும் வாயிலும் எண்ணெய் ஊற்றுவது நுரையீரலைக் கெடுக்கும். நாவில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்பதற்கும் ஆதாரமில்லை. உண்ணும்போது இருமல், குரலில் நீர்க்கரகரப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளி, எடை ஏறாமை, ஒவ்வொரு வேளை உணவும் அரைமணிக்கு மேல் நீளுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணவு மூச்சுக் குழலுக்குள் போவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். மெழுகுவர்த்தியை ஊதுதல், விசில் ஊதுதல், நாக்கை நீட்டி மடக்குதல் போன்ற பயிற்சிகளை மட்டும் செய்தால் பேச்சு வந்துவிடும் என்று கட்டணம் வாங்குவோர் உளர். இப்பயிற்சிகளால் பேச்சு தெளிவடையும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே ஆய்வாளர் கருத்து. பேச்சு பேசிப் பழகித்தான் வர வேண்டும். அது பேச்சுப் பயிற்சியாளரின் பணி. பெருந்தசைகளின் இயக்கம் இயன்முறை மருத்துவரின் பணி. அன்றாடச் செயலாகிய உண்ணுதல், உடுத்தல், எழுதுதல் ஆகியவற்றில் குழந்தையைத் தேர்ச்சியுறச் செய்வது தொழில்வழிச் சிகிச்சையாளரின் பணி. மூவரும் மருத்துவரும் தாயும் கூடி இழுக்க வேண்டிய தேர் இது. பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் செவிப்புலனைச் சோதிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். அடையாற்றில் பால வித்யாலயா 1969 முதலும், மயிலாப்பூரில் கிளார்க் பள்ளி 1970 முதலும் காது கேளாத பிள்ளைகளுக்குக் கல்வியூட்டி வருகின்றன.

எத்துணைப் பயின்றும் சிலருக்குத் தெளிவான பேச்சு வாராமற் போகலாம். அவர்களுக்குப் படப் பலகையும் கருவியும் குரலாகலாம். படத்தைத் தொட்டால் ஒலிக்கும் 'ஆவாஸ்' என்னும் கருவியைச் சென்னையிலேயே அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் உருவாக்கினார். வாய் பேசாததால் கருத்து இல்லை என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. நம் சமூகத்தையும் வாயற்ற சமூகம் என்று சொன்னவர் உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் இந்நகரிலிருந்து பத்திரிகை நடத்தி, அச்சொல்லைப் பொய்யாக்கினார். கருத்து இருந்தது, அதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. அப்பிள்ளைகளுக்கும் அதுவே தேவை.

எங்கே செல்வது

நம் வட்டாரத்தில் இதற்கான இடங்கள் இல்லாமலில்லை. 1981இல் தொடங்கிய தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் தரமணியில் உள்ளது. 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் உள்ளது. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் கல்வியும் ஒருசேர அளித்து, தாயையே பயிற்றுநராக்கும் வழியை இந்நகருக்குக் காட்டிய நிறுவனங்கள் இவை. கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளன. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளியில் ஒருமுறையும் மருத்துவக் குழுவினர் பார்வையிட வேண்டும். வளர்ச்சித் தாமதம் கண்டால் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். குழு வரும் நாளில் அப்பிள்ளையை வீட்டில் மறைத்து வைக்காதீர்கள், முதலில் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், உரிய அளவு குறைபாடுள்ள பிள்ளை 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் பயில உரிமை தருகிறது. சலுகையாக எவரும் தருவதன்று, உரிமை. 'வாய் ஒழுகுகிறது, சேர்க்க முடியாது' என்று எந்தப் பள்ளியும் சொல்லக் கூடாது.

இங்கே ஒரு குறையையும் எடுத்துரைக்க வேண்டும். நகரின் நடுவில் வாழ்ந்த நம் மக்களில் பல குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் ஓரத்துக்குப் பெயர்க்கப்பட்டன. கழுத்து நிற்காத பிள்ளையைத் தோளில் சுமந்து, பேருந்து மாறி, சிகிச்சை நிலையம் வந்து சேர்வதற்குள் தாயின் ஒருநாள் கூலி போய்விடுகிறது. சில வாரங்களில் சிகிச்சையும் நின்றுவிடுகிறது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் பெறும் சிகிச்சையைவிட, நாள்தோறும் மூன்று வேளை உணவின்போது வீட்டில் செய்யும் பயிற்சியே பிள்ளையை வளர்க்கும். எனினும் அதனைக் கற்கவும், பிள்ளை வளர வளரத் திருத்திக்கொள்ளவும் ஒருவர் அருகில் வேண்டும்.

சங்கத்தாருக்கும் இளைஞர்க்கும்

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் மூன்று பணிகளைச் சங்கம் மேற்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது, நம் தெருக்களிலும் பெயர்த்தனுப்பப்பட்ட குடியிருப்புகளிலும் வீடுவீடாகச் சென்று, பள்ளிக்கு வாராத, மெல்லவோ பேசவோ இயலாத பிள்ளைகளின் பட்டியலை அன்போடும் மறைவடக்கத்தோடும் தயாரித்தல். இரண்டாவது, சிகிச்சை நிலையங்களுக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவைக் கல்வி நிதியிலிருந்து அளித்தல். புத்தகத்துக்குக் கொடுப்பது போலவே இதுவும் கல்விச் செலவுதான். மூன்றாவது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிகிச்சையாளர் ஒருவரைச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்துத் தாய்மார்களுக்கு ஊட்டும் முறையைச் செய்துகாட்டச் செய்தல்.

இளைஞர்களே! மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாசல்களிலேயே முட்டி நிற்காதீர்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களோடு மேனிலைக் கல்வி முடித்தோர் தொழில்வழிச் சிகிச்சையில் பட்டப்படிப்புப் படிக்கலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்திலும் இப்படிப்பு உண்டு. 2021ஆம் ஆண்டில் நிறைவேறிய துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்துள்ளது. நம் தெருவில் பிறந்து, நம் வீட்டின் ஒற்றை அறையை அறிந்த ஒரு சிகிச்சையாளர் வந்தால், மூலை நாற்காலி வாங்கச் சொல்லமாட்டார், சுவர்மூலையைக் காட்டுவார். அத்தகையோர் பத்துப் பேர் நம்மிடையே உருவானாலும் அது இச்சங்கத்தின் பொன் விழாவுக்குப் போதிய பெருமை.

தாய்மார்களே! இன்றிரவு உங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை இருக்குமாயின், மடியில் கிடத்தி ஊட்டுவதை நிறுத்துங்கள். நிமிர்த்தி அமர்த்துங்கள், காலுக்குப் பலகை கொடுங்கள், எதிரே அமருங்கள், உதடு மூடும்வரை பொறுத்திருங்கள். வீட்டார் அனைவரும் உண்ணும் அதே வரிசையில், அதே நேரத்தில் அப்பிள்ளைக்கும் தட்டு வையுங்கள். நாளைக் காலையில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளும் கோளும் பார்த்துத் தாழ்த்தாதீர்கள். இளம் வயதில் பழகுவது எளிது, ஆண்டுகள் கடந்தால் அரிது.